குறைந்துகொண்டே போன மாத்திரைகள்

மலாவி ஏரியின் வடகரையில் மீன் காயவைக்கும் பெண்களுக்குள் சுஸ்கோ வாய்த் துடுக்கானவள். அந்த வாய் அடங்கியது அவள் மகள் தவோங்காவைச் சுமந்திருந்தபோதுதான். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் அவள் உடம்பில் எச்.ஐ.வி. வைரஸ் இருப்பது தெரிந்தது. புருஷனையும் கூட்டிவரச் சொன்னார்கள். தேவாலயப் பாடகர் குழுவுக்குத் தலைவனான வெஸ்டன் வரமாட்டேன் என்றான். தன் இரண்டு அக்காமார்களையும் கூப்பிட்டு உட்காரவைத்து, இவள் எங்கேயோ வாங்கி வந்த சீக்கு இது, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னான். அன்றையிலிருந்து அவளுக்குத் தனித் தட்டு, தனிக் குவளை. மருந்தின் புண்ணியத்தில் குழந்தைக்கு மட்டும் நோய் தொற்றவில்லை.

இந்த நோய்க்காரர்களுக்கென்று கிளினிக்கில் செவ்வாய்க்கிழமை தனி வரிசை; மூன்று மாதத்துக்கு மூன்று குப்பி மாத்திரை கொடுத்தார்கள். தினம் ஒன்று. தவோங்காவுக்கு நாலு வயதானபோதிலிருந்து அந்தக் குப்பிகள் நாளுக்கு முன்பே காலியாக ஆரம்பித்தன. முதலில் பத்து நாள் குறைந்தது, அப்புறம் இருபது நாள். கொடுக்கும்போதே குறைத்துக் கொடுக்கிறார்கள் என்று சுஸ்கோ நினைத்தாள். சீக்கிரமே போய் நின்றால் நர்ஸ் வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, “யாருக்கு விக்கிற? உனக்கு உயிர் மேல ஆசை இல்லன்னா சொல்லிடு, வேற ஆளுக்காவது உதவும்” என்றாள். அதற்கு மேல் கேட்க வாய் வரவில்லை. கைக்கு வந்ததை ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கி, நாளை ஓட்டினாள்.

இரண்டாம் வருஷம் இருமல் வந்தது. மீன் பரப்பும் மூங்கில் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து இருமினால் எழுந்திருக்க முடியாது. வியர்வையில் பாய் நனைந்தது. சளியைச் சோதித்துவிட்டுக் காசநோய் என்றார்கள்.

கிளினிக்கில் காசநோய்க்காரர்களைப் பார்ப்பவர் கயாங்கே. பொறுமையான மனிதர், ஆனால் எதையும் மழுப்பிப் பேசமாட்டார். ரெண்டும் ஒரே கிருமிதானே, ஒரே மாத்திரையாகக் கொடுத்துவிடக் கூடாதா என்று சுஸ்கோ கேட்டாள்.

“ஒண்ணு இல்லம்மா” என்றார் அவர். “உன் நெஞ்சுல இருக்கிறது பாக்டீரியா. கண்ணுக்குத் தெரியாட்டியும் அது தனியா ஒரு உயிரு. தானே தின்னும், தானே பெருகும். ஆறு மாசம் விடாம மாத்திரை போட்டா செத்துப்போகும், அதோட கணக்கு தீர்ந்தது. ரத்தத்துல இருக்கிற வைரஸுக்குத் தனியாப் பொழைக்கத் தெரியாது. உன் உடம்போட உயிரணுவுக்குள்ளயே பூந்துக்கிட்டு, அதை வச்சே தன்னைப் பெருக்கிக்கும். அதைக் கொல்ல வழி இல்ல, அடக்கித்தான் வைக்கணும். நாளைக்கு ஒரு மாத்திரைன்னு சாகுறவரைக்கும். நீ விட்டுவிட்டுப் போட்டே, அது தலைதூக்கி உன் தெம்பைத் தின்னுடுச்சு. அந்தச் சந்துல காசநோய் நுழைஞ்சுடுச்சு.”

தான் வேண்டுமென்று விடவில்லை, குப்பியில் மாத்திரை போதவில்லை என்று சுஸ்கோ சொன்னாள். அவர் சீட்டு எழுதினார்.

ஒருநாள் ஏரியில் காற்று அதிகமாகிப் படகுகள் போகவில்லை. சுஸ்கோ முற்பகலிலேயே வீடு திரும்பினாள். உள்ளே வெஸ்டன் அவளுடைய துணிப்பெட்டியைத் திறந்து வைத்துக் குப்பியிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தான். தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அவள் வாசலிலேயே நின்றாள். அவன் திடுக்கிடவில்லை. மூடியைத் திருகி மூடினான்.

“எத்தனை நாளா?” என்றாள்.

“ரெண்டு வருஷமா. டவுன்ல பாத்தப்ப எனக்கும் இருக்குன்னாங்க.”

கிளினிக்கில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்களே என்றாள் அவள்.

“செவ்வாய்க்கிழமை வரிசையில நானா? ஞாயித்துக்கிழமை என் முன்னாடி யாரு நின்னு பாடுவா?” அவன் குரல் உயரவே இல்லை. “இத பாரு, நீ செத்தா, கொண்டுவந்தவ போயிட்டான்னு நாலு நாள்ல மறந்துடுவாங்க. நான் செத்தா எங்கேருந்து வந்துச்சுன்னு தோண்டுவாங்க. இருக்கிறதுல யாரு பொழைக்கணும்னு நீயே சொல்லு.”

அன்று மாலையே சுஸ்கோ குப்பிகளைத் துணியில் முடிந்து, பக்கத்துப் பந்தலில் மீன் காயவைக்கும் தோழி நியாலோங்வே வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். தினமும் அங்கே போய் விழுங்கினாள். வெஸ்டன் பெட்டியைத் துழாவினான், கூரை இடுக்கில் தேடினான், ஒருநாள் அவளைக் கன்னத்தில் அறைந்தான். அவள் இடத்தைச் சொல்லவில்லை.

ஆறு மாதத்தில் அவள் நெஞ்சு சரியாகிவிட்டது. காசநோய் மாத்திரை நின்றது. அரைகுறை மருந்துக்குப் பழகிவிட்ட வைரஸ் பழைய மாத்திரைக்கு மசியவில்லை. பெரிதாக, கசப்பாக, வேளைக்கு இரண்டாக வேறு கொடுத்தார்கள்.

அவள் தேறத் தேற வெஸ்டன் இருமத் தொடங்கினான். சந்தையில் சிவப்பும் மஞ்சளுமாக விற்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையை வாங்கி முழுங்கினான். எல்லாக் கிருமியும் அதில் சாகும் என்று விற்றவன் சொல்லியிருந்தான். ஒன்றும் சாகவில்லை. சட்டை தோளிலிருந்து தொங்கியது. பாட்டின் நடுவே மூச்சு நின்றது.

ஒருநாள் அடுப்படிக்கு வந்து தரையில் உட்கார்ந்தான். “தவோங்கா அம்மா, எனக்கு ஒரு பத்து மாத்திரை குடு. இந்த இருமலைத் தாங்கிக்கிறதுக்கு மட்டும்.”

“கிளினிக்குக்குப் போங்க. செவ்வாய்க்கிழமை. பேரைச் சத்தமாக் கூப்பிடுவாங்க, கையைத் தூக்குங்க. அவ்வளவுதான்.”

“நான் செத்துடுவேன்.”

அவள் கொதிக்கும் நீரில் சோளமாவைக் கொட்டிக் களி கிளறினாள். கைக்கு எட்டும் தூரத்தில் அவன் விலா எலும்பு ஏறி இறங்குவது தெரிந்தது. பாவமாக இருக்குமென்று எதிர்பார்த்தாள். இல்லை. அது இல்லாதது அவளுக்கே பயமாக இருந்தது.

மூன்று செவ்வாய் போனது, அவன் போகவில்லை. நாலாவது வாரம் சந்தை நாளில் அவனைச் சைக்கிள் கேரியரில் கட்டி ஊர் நடுவே கிளினிக்குக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பார்க்காதவர் யாரும் இல்லை. பதினோராம் நாள் இறந்தான்.

மருந்தை ஒளித்துப் புருஷனைக் கொன்றவள் என்று அக்காமார்கள் ஊரெல்லாம் சொன்னார்கள். அடக்கம் முடிந்த வாரமே அவள் வீட்டுக் கூரைத் தகரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். பெண் எடுக்கும்போது மாடு கொடுத்தது நாங்கள், குழந்தை எங்கள் குலம் என்று தவோங்காவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஊர்த் தலைவர் அவர்கள் பக்கமே பேசினார். சுஸ்கோ நியாலோங்வே வீட்டின் பின்பக்கத்தில் ஒண்டிக்கொண்டாள்.

மழைக்காலம் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த சமயம். வழியில் காத்திருந்து மகளுக்குச் சுடச்சுட ஒரு மண்டாசிப் பணியாரம் நீட்டினாள். குழந்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டது.

“அத்தை உன் கையால எதுவும் வாங்கக் கூடாதுன்னு சொல்லிச்சு. வாங்கினா அப்பா மாதிரி ஆயிடுவேனாம்.”

கையால் கொடுப்பதில் தொற்றாது என்று சுஸ்கோ எடுத்துச் சொன்னாள். கயாங்கே சொன்ன எல்லாவற்றையும் ஏழு வயதுக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பார்த்தாள். குழந்தை பொறுமையாகக் கேட்டது. மணி அடித்ததும் ஓடிவிட்டது.

பணியாரம் ஆறிப்போயிருந்தது. சுஸ்கோ அதைத் தின்று முடித்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு கரைக்கு நடந்தாள்.