சிவந்த கன்னமும் மெம்பர்ஷிப் பரீட்சையும்

எடின்பரோவில் காலை டிராமில் ஏறினால் பாதிப்பேர் எனக்கு நோயாளிகளாகத் தெரிந்தார்கள். ஒருவர் மூக்கு செக்கச் சிவந்திருக்கும். இன்னொருவர் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி நீலம் பாய்ந்திருக்கும். வந்த முதல் மாதம், எதிரே நின்ற பெரியவரின் உதட்டைப் பார்த்துப் பயந்துபோய் உடம்புக்கு என்ன என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்து, "குளிர்தான், ஹென்" என்றார். ஹென் என்றால் கோழி. படித்துப் பட்டம் வாங்கிக் கடல் தாண்டி வந்தவளை டிராம் நிறைய ஆட்கள் முன்னால் கோழி என்கிறாரே என்று அன்று முழுக்க எனக்கு ஆறவில்லை. மறுநாள் என் வீட்டுக்காரம்மாள்தான், அது இங்கே பெண்களைப் பிரியமாகக் கூப்பிடும் சொல் என்று விளக்கினார். நம் ஊரில் முன்பின் தெரியாதவரையும் ‘மக்கா’ என்பது போலத்தான். கோழி என்ற மனக்குறை அதோடு தீர்ந்தது. முகங்களின் நிறம் மட்டும் பிடிபடவில்லை. அதற்கு நான் ஒரு பரீட்சையில் தோற்க வேண்டியிருந்தது.

மருத்துவ மேல்பட்டத்துக்கான மெம்பர்ஷிப் பரீட்சைக்கு இங்கே வரப்போகும் நம் பக்கத்து டாக்டர்கள் சிலர், என்ன புத்தகம் வாங்கிப் படிக்கலாம் என்று கேட்டு எழுதுகிறார்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வந்ததும் நான் வாங்கியது கடையிலேயே தடியான மருத்துவப் புத்தகம். முட்டத்தில் கருவாட்டு வியாபாரம் செய்யும் என் அப்பா அதைக் கண்டிருந்தால் தராசில் வைத்துப் பார்த்திருப்பார். குளிரில் கணப்புக்கு அருகே உட்கார்ந்து பக்கம் பக்கமாக நெட்டுருப் போட்டேன். எழுத்துப் பரீட்சையில் குறையில்லை. பிறகு வார்டுக்குக் கூட்டிப் போனார்கள். கட்டிலில் நடுத்தர வயது அம்மாள் ஒருத்தி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பரீட்சகர் என்னைக் கட்டிலின் கால்மாட்டில் நிறுத்தி, "தொடாமல் பார்த்துச் சொல்லுங்கள், என்ன தெரிகிறது?" என்றார். பார்த்தேன். கன்னம் இரண்டும் ரோஜா நிறத்தில் இருந்தன. இந்த ஊர்ப் பால்காரன் முதல் பாதிரியார் வரை எல்லாருக்கும் இருக்கும் கன்னம்தானே என்று நினைத்து, "பார்வைக்கு ஆரோக்கியமாக இருக்கிறார்" என்றேன். அவர் நெஞ்சைக் கேட்கச் சொன்னார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்ததும் என் தவறு புரிந்தது. இதய வால்வு சுருங்கிப்போன நோயின் சத்தம் அது. அந்தக் கன்னச் சிவப்பே நோயின் அடையாளம். இந்த ஊரில் மூன்றாம் வருஷ மாணவனுக்குக்கூடத் தெரிந்த அடையாளம்.

அந்தச் சத்தம் எனக்குப் புதிதல்ல. நாகர்கோவிலில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் மாதந்தோறும் கேட்டதுதான். பிரகாசி என்று ஒரு பெண், கலியாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை, இனயத்திலிருந்து காளை வண்டியில் படுத்துக்கொண்டு வந்தாள். "நாலு அடி நடந்தா நெஞ்சு கெடந்து பெடக்குது டாக்டரம்மா. தண்ணிக் கொடம் தூக்க முடியல்ல. மாமியாரு மடி, சோம்பேறின்னு சொல்லுதா" என்றாள். அவள் கருத்த கன்னத்தில் ஒரு சிவப்பும் இல்லை. கையை நெஞ்சில் வைத்தபோது, மடியில் படுத்துக் குறுகுறுக்கும் பூனை போல உள்ளங்கைக்குள் ஓர் அதிர்வு. அவள் மாமியாரைக் கூப்பிட்டு அந்த அதிர்வின் மேல் கையை வைக்கச் சொன்னேன். அந்த அம்மா கையை எடுத்துவிட்டு, "இது தெரியாம நான் ஏசிப்போட்டேனே பிள்ளே" என்று அழுதாள். எங்கள் ஊரில் நான் நோயைக் கையாலும் காதாலும் தேடக் கற்றவள். சோகை என்றால் இமையைத் தாழ்த்திப் பார்ப்பேன், காமாலை என்றால் கண்ணின் வெள்ளையை. தோல் எங்களுக்கு ஒன்றும் சொல்லித் தராது. இங்கே தோல்தான் முதலில் பேசுகிறது. அதன் பாஷை எனக்குத் தெரியவில்லை.

தோற்றது தெரிந்ததும் வீட்டுக்கு எழுதினேன். "வந்திரு மக்கா. இல்லேங்கி இருந்து இன்னொரு மட்டம் எழுதிப் பாரு. ரெண்டும் எனக்குச் சம்மதந்தான்" என்று அப்பா, பேசுகிற மாதிரியே எழுதி அனுப்பினார். வந்துவிடு என்று மட்டும் எழுதியிருந்தால் கப்பல் ஏறியிருப்பேன். இரண்டும் சம்மதம் என்றதும் இருந்து பார்க்கத் தோன்றியது. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் என் இடத்தை இன்னும் ஒரு தடவைக்குத்தான் காலியாக வைத்திருப்பார்கள். அடுத்ததிலும் தோற்றால் பரீட்சையும் இல்லை, வேலையும் இல்லை.

என்னோடு தோற்ற இன்னொருவர் கல்கத்தா டாக்டர் சென். இருவரும் பரீட்சை நடத்தும் காலேஜுக்குக் கீழே இருந்த பழைய புத்தகக் கடைக்குப் போனோம். முன்பு தேறியவர்கள் இது போதும் என்று அடித்துச் சொல்லும் ஒரு கேள்வி பதில் புத்தகத்தை அவர் உடனே எடுத்துக்கொண்டார். எனக்கு ஒன்று தெளிவாயிருந்தது: வார்டு வேலைக்கு நடுவே இரண்டு புத்தகத்துக்கு மேல் உருப்படியாகப் படிக்க முடியாது. அதனால் எது உதவும் என்று ஒப்பிட, ஒவ்வொன்றிலும் மண்ணீரல் பற்றிய பக்கத்தைத் திருப்பினேன். பெரும்பாலானவை அது ஏன் வீங்கும் என்று காரணங்களை அடுக்கின. மெல்லிய புத்தகம் ஒன்று மட்டும், கட்டிலின் எந்தப் பக்கம் நிற்பது, எந்தக் கையை எங்கே வைப்பது, நோயாளியை எப்போது மூச்சிழுக்கச் சொல்வது என்று எழுதியிருந்தது. அதை எடுத்துக்கொண்டேன். இரண்டாவதுக்காகக் கடைக்காரரிடம், "முகங்கள் இருக்கும் புத்தகம் வேண்டும், வர்ணத்தில்" என்றேன். அவர் ஏணி ஏறி, ஓவியர்கள் வரைந்த ராஜா ராணி படங்கள் அடங்கிய பெரிய புத்தகத்தைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். "இது இல்லை, சீக்காளி முகங்கள்" என்றேன். அவர் முகம் மாறாமல், "பிப்ரவரி மாதம் வாசலில் நின்றால் போதுமே, மேடம்" என்றார். பிறகு உள்ளே போய் நோய்களின் வர்ணப்படப் புத்தகம் ஒன்றைத் தேடித் தந்தார். அட்டை கிழிந்திருந்தாலும் படங்களில் நிறம் மங்கவில்லை.

அந்த இரண்டோடுதான் குளிர்காலம் போயிற்று. காலையில் ஒரு படத்தைப் பார்ப்பேன். டிராமில் அதே நிறம் யாரிடமாவது இருக்கிறதா என்று தேடுவேன். குளிரால் வந்த சிவப்பு டிராமின் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக மாறும், நோயின் சிவப்பு அப்படியே நிற்கும் என்று மெல்லப் புரிந்தது. ஞாயிறு மதியங்களில் சென்னும் நானும் ஒருவர் நோயாளியாகவும் மற்றவர் பரீட்சகராகவும் மாறி மாறிப் பழகினோம். சென் நோயாளியாக நடித்தால் அளவுக்கு மீறி முனகுவார். அவர் வயிற்றை நான் தட்டிப் பார்க்க வேண்டியிருந்ததில் முதலில் எனக்குக் கூச்சம். பிறகு அதுவும் போய்விட்டது.

இரண்டாம் முறை கட்டிலில் இருந்தவர் ஒரு கிழவர். கால்மாட்டில் நின்றேன். இந்தத் தடவை வாயைத் திறக்க அவசரப்படவில்லை. நரைத்த தலை, நீலக் கண். முகத்தில் ஒரு வெளிறல்; வெறும் வெளுப்பு இல்லை, அடியில் எலுமிச்சை மஞ்சள் ஓடியது. "நாக்கைப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். நீட்டினார், வழவழவென்று இருந்தது. ஒருவகைச் சோகை என்று நோயின் பெயரைச் சொன்னேன். பரீட்சகர், "மேலே சொல்லுங்கள்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டபோது வந்த நிம்மதியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. தேறினேன். கேள்வி பதில் புத்தகத்தையே கட்டிக்கொண்டிருந்த சென்னும் தேறினார். ஆகவே என் இரண்டு புத்தகங்கள்தான் வழி என்று நான் சொல்லமாட்டேன். தனக்கு எது தெரியவில்லை என்று முதலில் கண்டுகொண்டு, அதற்குரிய புத்தகத்தை எடுங்கள், அவ்வளவுதான்.

துறைமுகத்துக்கு அருகே ஓர் ஆஸ்பத்திரியில் இப்போது வேலை பார்க்கிறேன். நாகர்கோவிலில் என் இடம் இருக்கிறது. இன்னும் ஒரு வருஷம் இங்கே இருந்து நெஞ்சுநோய் படித்துக்கொண்டு வரச் சம்மதித்திருக்கிறார்கள். போன வாரம் ஒரு கப்பலிலிருந்து காய்ச்சலும் இருமலுமாக ஒரு மாலுமியைக் கொண்டுவந்தார்கள். அவர் சீட்டில் ஊர் தேங்காய்ப்பட்டணம் என்று கண்டதும் தமிழில் பேசினேன். அவர் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"நம்ம பக்கமா டாக்டரம்மா? எந்த ஊரு?"

"முட்டம். படுங்க, பேசலாம்."

நிமோனியாதான், மருந்துக்குக் கேட்கக்கூடியது. பயப்பட ஒன்றுமில்லை என்றேன். மூச்சு கொஞ்சம் அடங்கியதும் கேட்டார்: "நீங்க எப்பம் வீட்டுக்குப் போவிய?"

ஊரைத்தான் கேட்கிறார் என்று தெரிந்தது; அவர் போர்வையை இழுத்துவிட்டேன். பக்கத்தில் ஊசி எடுத்துக்கொண்டிருந்த வார்டு சிஸ்டர், என்ன கேட்கிறார் என்றார். நான் எப்போது வீட்டுக்குப் போவேன் என்று கேட்கிறார் என்றேன்.

"ஏழு மணிக்குத்தானே டாக்டர், வழக்கம்போல?" என்றார் சிஸ்டர்.

"அவிய என்ன சொல்லுதாவ?" என்றார் மாலுமி.

"ஏழு மணிக்காம்."

அவர் இருமிக்கொண்டே சிரித்தார். "அப்பம் கொஞ்ச நேரந்தானே இருக்கு."

ஏழு மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகிறேன் என்று இருவரிடமும் இரண்டு மொழியில் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.