மருந்து இல்லை என்று எழுதாத கார்டு

1. ஏழு செகண்ட்

எஸ்.எஸ்.எல்.சி. மட்டுமே படித்த எனக்கு, முருகன் புண்ணியத்தில், கல்கத்தாவில் தசை நோய் ஆராய்ச்சி லேப் ஒன்றில் அட்டெண்டர் வேலை கிடைத்தது. தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் சார் பெங்காலி. தசை நோய்க்கு ஜீன் தெரபி கொண்டுவருவதுதான் அவர் வாழ்க்கை. முதல் நாளே என் கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுத்தார்.

ஒரு பையனைத் தரையில் உட்கார வைத்து, எழுந்திருக்கச் சொன்னார்கள். அந்தப் பிள்ளை கவிழ்ந்து, கையையும் காலையும் ஊன்றி, பிறகு முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து, தன் உடம்பு மேலேயே ஏறி நின்றது. ஏழு செகண்ட். அடுத்த வருஷம் அதே பிள்ளைக்குப் பதினொன்று. அதற்கடுத்த வருஷம் நேரம் எழுதும் கட்டத்தில் 'முடியவில்லை' என்று எழுதினேன். எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறும் சாப்பிட்டேன்.

பிறகு டெக்னீஷியன் ஆனேன். பயாப்சியில் எடுத்த தசைத் துண்டை உறைய வைத்து, மெல்லிசாகச் சீவி, ஸ்லைடில் ஏற்றுவது என் வேலை. இந்தப் பிள்ளைகளின் தசையில் ஒரு புரதம் இருக்காது. அதற்கான நல்ல ஜீனை வைரஸில் ஏற்றி எலித் தொடையில் ஊசி போட்டோம். ஊசி பட்ட இடத்தில் மட்டும் புரதம் வந்தது. எலிக்குத்தான். மனுஷனுக்குக் கொடுக்க எங்களிடம் ஒன்றும் கிடையாது.

2. புதன்கிழமை

எங்கள் ப்ராஜெக்டைப் பார்க்க வெளிநாட்டு நிபுணர்கள் வருவதாக இருந்தது. அவர்களுக்குக் காட்டப் பிள்ளைகள் வேண்டும். ஹவுரா பக்கம் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில், இதே நோயுள்ள பையனோடு ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தது. "உன் பாஷையில் நீயே கார்டு எழுதிப் போடு" என்றார் சார். எழுதினேன்.

"மகனைப் புதன்கிழமை பத்து மணிக்குக் கூட்டி வரவும். ஜீன் தெரபி விஷயமாகப் பெரிய டாக்டர்கள் வருகிறார்கள். முருகன் அருளால் நல்லதே நடக்கும்."

அந்தக் கடைசி வரி என் எல்லாக் கடிதத்திலும் இருக்கும். யோசித்து எழுதுவதில்லை, கை தானாக எழுதிவிடும்.

அந்த வீட்டுப் பேச்சியம்மாள் தன் ஒன்பது வயது மகன் ராஜாவை முதுகில் சுமந்து, லோக்கல் ரயிலில் ஹவுரா வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து வந்தாள். தோளில் துணிப்பை வேறு.

நிபுணர்கள் மொத்தமாக வரவில்லை. ஒருவர் போக ஒருவராக வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ராஜா தரையில் உட்கார்ந்து எழுந்தான். "ஆர் ஏக்பார், பாபா" என்பார் சார், இன்னும் ஒரு தடவை என்று. நாலாவது தடவை அவன் என்னைப் பார்த்தான்.

"அடுத்த ஷோவுக்கு டிக்கெட் போடுங்க மாமா."

நான் சிரித்தேன். ஐந்தாவது தடவை கை வழுக்கி முகம் தரையில் மோதியது. உதட்டில் ரத்தம். வந்தவர் தேங்க்யூ சொல்லிவிட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். நானும் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். அந்தக் கையை வெட்டிப் போடலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

வராந்தாவில் பேச்சியம்மாள் மகனின் உதட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஊசி எப்பம் போடுவாங்க அண்ணாச்சி? வெறும் வயித்துலதான் போடுவாங்கன்னு பக்கத்து வீட்டு பெங்காலிக்கார பௌதி சொன்னா. பிள்ளை காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கல. ராத்திரி தங்கணும்னாலும் துணி கொண்டாந்திருக்கேன்."

நேரே சார் ரூமுக்குப் போனேன்.

"அந்தப் பிள்ளை பட்டினி கிடக்கு சார். ஊசி போடப் போறோம்னு நினைச்சு வந்திருக்காங்க."

"யார் அப்படிச் சொன்னது?"

கார்டில் எழுதியதைச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"இதையெல்லாம் எழுதச் சொன்னேனா?"

"சொல்லல சார். மருந்து இல்லேன்னும் நீங்க சொல்லல. எட்டு வருஷமா யார்கிட்டயும் சொல்லல."

"இவங்க பார்த்தாத்தான் ப்ராஜெக்ட். ப்ராஜெக்ட் இருந்தாத்தான் என்னிக்காவது மருந்து. புரியுதா உனக்கு?"

புரிந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். உண்மையை வைத்துக்கொண்டே ஒரு பிள்ளையைப் பட்டினி போட்டோம்.

வராந்தாவுக்குத் திரும்பினேன். கேன்டீனிலிருந்து பாலும் ரொட்டியும் வாங்கி ராஜாவிடம் கொடுத்துவிட்டுச் சொன்னேன்.

"ஊசி இல்ல தாயி. எலிக்குத்தான் போட்டுப் பார்த்திருக்கோம்."

"ராஜாவுக்கு எப்பம் வரும்?"

"அவன் காலத்துல வரும்னு எனக்குத் தோணல."

அவள் அழவில்லை.

"அப்பம் எதுக்கு அஞ்சு தடவை எந்திரிச்சான்?"

துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"நானும் தினம் முருகனைக் கும்பிடுதேன் அண்ணாச்சி. நல்லது நடக்கும்னு அவரு எங்கிட்டச் சொல்லல. நீங்கதான் சொன்னிய."

மகனை முதுகில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினாள். தூக்கிக்கொள்கிறேன் என்று கையை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டாள்.

3. முதல் வரி

லேப் வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். நம் கையில் என்ன இல்லை என்பதை முதலில் சொல்லுங்கள். சாமி பேரைச் சொல்லி மழுப்பாதீர்கள். அது பக்தி இல்லை, கோழைத்தனம். நான் செய்ததால் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு நான் போட்ட ஒவ்வொரு கார்டிலும் முதல் வரி இதுதான்: "எங்களிடம் மருந்து இல்லை. இது ஆராய்ச்சிக்கு மட்டும். விருப்பம் இல்லையென்றால் வர வேண்டாம்." இப்படி எழுதினால் யார் வருவார்கள் என்று சார் கத்தினார். பெங்காலிக் கார்டுகளிலும் அதையே எழுத வைத்தேன்.

அடுத்த முறை பாதிப்பேர்தான் வந்தார்கள். வந்த பிள்ளைகள் எல்லாம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள். பேச்சியம்மாள் வரவில்லை.