மலாக்காச் சிவப்பும் என் இடது கண்ணும்

என் நோயின் முதல் அறிகுறி, நான் ஒருவரைத் திட்டியது.

திட்டு வாங்கியவர் மணியம் அண்ணன், கிள்ளானில் சிறிய அச்சகம் வைத்திருப்பவர். அவர் அச்சடித்துக் கொடுத்த சிவப்பு வெளிறிக் கிடக்கிறது என்று அவருடைய கடைக்கே போய்ச் சத்தம் போட்டேன். அவருடைய மையில் ஒரு குறையும் இருக்கவில்லை. அது எனக்குத் தெரிந்ததும் அதே கடையில்தான்.

உங்களுக்கும் ஒரு கண்ணில் மட்டும் நிறம் வெளுத்துப்போய், அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் இருந்தால், இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. பயந்தாங்கொள்ளி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பிரிக்ஃபீல்ட்ஸில் நான்காவது மாடி வீட்டில் அக்கா சுமதியோடு இருக்கிறேன். அவளுக்கு ஷா ஆலமில் அலுவலக வேலை. எனக்கு வீட்டு மேசையில் வேலை. ஊர் ஊராகப் போய்ப் பார்த்ததை வரைவேன். திரும்பி வந்து அதை ஒரே தாளில் மாற்றி மாற்றி அடுக்கி, பரிசுப் பொருள் சுற்றும் தாளாகவும் வாழ்த்தட்டையாகவும் நோட்டுப்புத்தக அட்டையாகவும் அச்சடித்து விற்பேன். ஈப்போவின் தரை ஓடுகள், திரெங்கானு படகுகளின் முகப்பு, கூச்சிங் ஆற்றங்கரைக் கூரைகள் எல்லாம் என் அலமாரியில் இருக்கின்றன. எனக்கு மேலே முதலாளி கிடையாது. எந்த நிறம் சரி, எது சரியில்லை என்று யாரையும் கேட்காமல் நானே முடிவு செய்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

அந்த மாதம் பங்சாரில் இருந்து ஒரு கல்யாண வேலை வந்திருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் மலாக்காவில்தான் முதன்முதலில் சந்தித்தார்களாம். வெற்றிலைப் பாக்குப் பைகளில் மலாக்கா இருக்க வேண்டும் என்றார்கள். நானும் மலாக்காவுக்குப் போய் இரண்டு நாள் உட்கார்ந்து, அங்குள்ள பழைய கட்டடங்களின் சிவப்புச் சுவர்களையும் ரிக்‌ஷாச் சக்கரங்களையும் வரைந்து வந்தேன். பையின் பின்புலம் முழுக்க அந்தச் சுவர்ச் சிவப்பு. அது தப்பினால் எல்லாம் தப்பியது.

மாதிரித் தாள் வந்தது. லூப்பை எடுத்துப் பார்த்தேன். அச்சுப் புள்ளிகளைப் பெரிதாக்கிக் காட்டும் சிறிய கண்ணாடி அது. தாளின் மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பார்க்க வேண்டும். நான் எப்போதும் வலது கண்ணை மூடி இடது கண்ணால்தான் பார்ப்பேன். சிவப்பு பழைய செங்கல்லைப் போல இருந்தது. கணினியில் சிவப்பைக் கூட்டி அனுப்பினேன். இரண்டாவது மாதிரியும் செங்கல்தான். இன்னும் கூட்டினேன்.

மூன்றாவது தாளை அக்கா எடுத்துப் பார்த்தாள்.

"என்னாடி இது, கண்ணு கூசுது?"

"உனக்கு என்னா தெரியும்? சும்மா வை லா."

இரண்டு கண்ணாலும் பார்த்தபோது எனக்கும் கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. ஆனாலும் லூப்பை நம்பினேன். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கிறுக்கு உண்டு. வெறுங்கண் ஏமாறும், லூப் ஏமாறாது என்று நினைப்போம். அந்த வாரம் இடது கண்ணை உருட்டினால் உள்ளே வலித்தது. கணினியை அதிகம் பார்க்கிறேன் என்று எனக்கு நானே காரணம் சொல்லி, சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டேன்.

நான்காவது மாதிரியோடு கிள்ளானுக்குப் போய்த்தான் அந்தச் சண்டை.

"அண்ணே, இந்த மைய எங்க வாங்குறீங்க? இது சிவப்பா?"

மணியம் அண்ணன் கோபப்படுகிற ஆள் இல்லை. தாளை வாங்கித் தன் லூப்பில் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தேவி, இதுக்கு மேல சிவப்பு போட்டா தாளு தாங்காது. நீ மத்த கண்ணுல பாரு."

"எந்தக் கண்ணுல பாத்தா என்னாண்ணே?"

"பாரேன். காசா பணமா?"

எரிச்சலில்தான் வலது கண்ணை வைத்தேன். தாள் முழுக்க ரம்புத்தான் பழத்தோலின் சிவப்பு பற்றி எரிந்தது. கண்ணை மாற்றினேன். செங்கல். மறுபடி மாற்றினேன். ரம்புத்தான். ஐந்தாறு முறை மாற்றி மாற்றிப் பார்த்திருப்பேன். லூப்பை மேசையில் வைக்கத் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். நாற்காலி போட்டு, தே ஓ என்ற பால் கலக்காத தேநீர் வாங்கி வரச் சொன்னார். அக்காவுக்கும் அவரே போன் செய்தார்.

"மெஷினு நாளைக்கும் ஓடும்மா. மொதல்ல கண்ணப் பாரு."

ஒரு வாரமாகப் போனில் அவரைப் பேசிய பேச்செல்லாம் ஞாபகம் வந்தது.

மறுநாள் காலை மருத்துவமனை. கண் மருத்துவர் என்னைவிட இளையவர், வேகமாகப் பேசுகிறவர். ஒரு மருந்துப் புட்டியின் சிவப்பு மூடியை எடுத்து வலது கண்ணுக்கு நேரே காட்டினார்.

"இந்தச் சிவப்புக்கு நூறு மார்க்குன்னு வெச்சிக்குங்க. இப்ப இடது கண்ணால பாருங்க. எவ்ளோ குடுப்பீங்க?"

"நாப்பது," என்றேன். அதுவும் இரக்கப்பட்டுக் கொடுத்தது.

ஆப்டிக் நியூரைட்டிஸ் (கண்ணிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் நரம்பில் வரும் அழற்சி) என்றார். கண்ணில் கோளாறு இல்லை, கம்பியில்தான் கோளாறு என்று விளக்கினார். பலருக்கு முதலில் அடிபடுவது நிறம், அதிலும் சிவப்பு. எனக்கு அதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது.

"சிவப்பு திரும்பி வருமா டாக்டர்? அதுதான் என் வேலை."

"பெரும்பாலும் வரும். முழுசா வருமான்னு நான் சத்தியம் பண்ண முடியாது."

நேர்மையான பதில். அந்த நேரத்தில் எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

எம்.ஆர்.ஐ. (காந்தப் புலத்தால் உடலின் உள்ளே படம் எடுக்கும் சோதனை) எடுத்தார்கள். மல்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ் (நரம்புகளின் மேலுறையை உடலே தாக்கும் நீண்டகால நோய்) இருக்கிறதா என்று பார்க்கத்தான். இணையத்தில் தேடாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். நானும் தேடினேன், நீங்களும் தேடத்தான் போகிறீர்கள். தேடிவிட்டு ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் அக்காவிடம் சொன்னேன். அவள் என் கைப்பேசியை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

வார்டில் சேர்த்து மூன்று நாள் ஸ்டீராய்டு (அழற்சியை அடக்கும் மருந்து) ஏற்றினார்கள். வாயெல்லாம் நாணயத்தை நக்கியது போன்ற ருசி. முகம் சிவந்து சூடாக இருந்தது. பசியோ பேய்ப் பசி. காலையில் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் இரண்டு பொட்டலம் தின்றுவிட்டு மூன்றாவதை யோசித்துக்கொண்டிருப்பேன். மருந்து முடிந்தால் இதுவும் முடியும் என்று தாதி சொன்னார். உண்மைதான்.

கல்யாணம் எனக்காகத் தள்ளிப் போகாது. இரண்டாம் நாள் மதியம் அக்கா ஒரு தாளோடு வந்தாள். நான் கைவைத்துக் கெடுப்பதற்கு முன் இருந்த முதல் கணினிக் கோப்பை மணியம் அண்ணன் அச்சடித்துக் கொடுத்திருந்தார். சரி என்று நான் கையெழுத்துப் போட்டால் ஓட்டிவிடுவார்.

என் அக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வரவேற்பறைச் சுவருக்குத் தவளைப் பச்சை அடித்தவள் அவள். அவளை நம்பி நான் ஒரு நாடாவின் நிறம்கூடத் தேர்ந்தெடுத்ததில்லை.

"எனக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தானே இருக்கு? எத எப்படிப் பாக்கணும்னு சொல்லு, பாக்குறேன்."

"எனக்கு வலது கண்ணு இருக்கு."

"டாக்டர் உன்னக் கண்ணுக்கு வேல குடுக்காம படுக்கச் சொன்னாங்க. குடு."

ஜன்னலோரம் போகச் சொன்னேன். நேர் வெயில் படாமல் பிடிக்கச் சொன்னேன். நான் மலாக்காவில் வரைந்த மூலப் படத்தைப் பக்கத்தில் வைத்து, முதலில் நிழலைப் பார், பிறகு சுவரைப் பார் என்றேன். அவள் அவசரப்படவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். நிழல் கொஞ்சம் நீலமாக இருக்கிறது, சுவர் அப்படியே இருக்கிறது என்றாள். அவள் சொன்னது சரி. நிழலில் நான் நீலம் சேர்த்திருந்தேன். அதை அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

கையில் ஊசி இருந்ததால் கையெழுத்து கோணலாக விழுந்தது. போட்டு முடித்ததும் அழுதேன். இன்னொருவர் கண்ணை நம்பிக் கையெழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை. அக்கா தாளை நனைத்துவிடப் போகிறாய் என்று பிடுங்கிக்கொண்டு போனாள். பைகள் நன்றாக வந்தன என்று பெண்ணின் அம்மா செய்தி அனுப்பினார்.

எம்.ஆர்.ஐ. முடிவு நல்லபடியாக வந்தது. மூளையில் தழும்பு எதுவும் இல்லை. இது மறுபடி வரலாம், வராமலும் போகலாம், ஆண்டுதோறும் வந்து காட்டுங்கள் என்றார் மருத்துவர். அந்த "வரலாம்" என்னோடு வீட்டுக்கு வந்தது. முதல் சில வாரங்கள் காலையில் எழுந்ததும் தலையணை உறையின் சிவப்புப் பூவை ஒவ்வொரு கண்ணாகப் பார்த்து மார்க் போடுவேன். நாற்பது. நாற்பத்தைந்து. ஒரு நாள் திரும்ப நாற்பது. அன்று முழுக்க அக்காவிடம் எரிந்து விழுந்தேன்.

நிறம் ஒரே நாளில் வராது. இதை உங்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். எனக்கு ஓரங்களில்தான் முதலில் வந்தது. பார்வையின் நடுவில் செங்கல், சுற்றிலும் சிவப்பு. பிறகு நடுவும் மெல்ல நிறைந்தது. ஆறு வாரம் கழித்து அதே புட்டி மூடிக்குத் தொண்ணூறு கொடுத்தேன். மிச்சம் பத்து எங்கே என்று கேட்டேன். அது வந்தாலும் வரும், இல்லாவிட்டால் இதுவே போதும் என்று பழகிவிடுவீர்கள் என்றார் மருத்துவர்.

இன்னொரு சோதனையும் செய்தார்கள். வி.இ.பி. (கண்ணில் பட்டது மூளைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகிறது என்று அளப்பது). தலையில் கம்பிகளை ஒட்டி, கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் திரையைப் பார்க்க வைத்தார்கள். அவ்வளவு மோசமான டிசைனை அவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை.

என் இடது கண்ணின் செய்தி வலது கண்ணின் செய்தியைவிடச் சற்றுத் தாமதமாகப் போய்ச் சேர்கிறதாம். இமைப்பொழுதில் ஒரு சிறு துண்டுதான். ஆனால் அது அப்படியே இருந்துவிடக்கூடும் என்றார். இப்போது எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே மோனோரயில் போகும்போது அது நேராகப் போவதில்லை, லேசாக என் பக்கம் வளைந்து போகிறது. முதலில் தலை சுற்றியது. பிறகு பழகிவிட்டது. இப்போது நான் பார்ப்பது ஒரே நேரம் இல்லை என்று எனக்குத் தெரியும். வலது கண்ணில் இந்த நொடி, இடது கண்ணில் இப்போதுதான் கடந்துபோன நொடி. இரண்டையும் சேர்த்து என் மூளை ஒரு தெருவாக்கித் தருகிறது. பாவம், அதற்கு வேலை கூடிவிட்டது.

கடைசியாகத் தெரிந்துகொண்டது வெயிலைப் பற்றி. உடம்பு சூடானால், அடிபட்ட நரம்பு சற்று நேரம் சோர்ந்துவிடும். வெயிலில் நடந்தாலோ சுடுநீரில் குளித்தாலோ இடது கண்ணில் நிறம் வடிந்துவிடும். முதல் முறை மார்க்கெட்டில் அப்படி ஆனபோது நோய் திரும்பிவிட்டது என்று கத்தரிக்காய்க் கடை முன்னாலேயே உட்கார்ந்துவிட்டேன். குளிர்ந்ததும் சரியாகிவிடும், புதிதாக ஒன்றும் கெடவில்லை என்று மருத்துவர் போனில் சொன்னார். ஆனால் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் உடனே வர வேண்டும் என்றார். உங்களுக்கும் இது நேரும் என்றால் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

என் பயம் எல்லாம் பயணத்தைப் பற்றித்தான். இந்த ஊரில் வெயில் படாமல் எங்கே போய் வரைவது? வீட்டிலேயே உட்கார்ந்து பழைய படங்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்ட வேண்டியதுதானா? ஐந்து மாதம் எங்கும் போகவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அக்கா என்னைக் கிளப்பினாள். ரயிலில் கிள்ளான் துறைமுகம், அங்கிருந்து படகில் கெத்தாம் தீவு. கடல் மேல் மரக்கால்களில் நிற்கும் வீடுகள். பலகைப் பாதையில் நடந்து போனோம். ஒரு வீட்டுக்கு, வெயிலில் உரிந்த பழைய சிவப்புக் கதவு. கீழே சேற்றில் சிறிய நண்டுகள். உட்கார்ந்து வரைய ஆரம்பித்தேன். கோடுகள் முடிந்து, கதவுக்கு நிறம் கலக்கும் நேரத்தில் உடம்பு கொதித்துவிட்டது. இடது கண்ணில் கதவு செங்கல்லாகிப் போனது.

மார்க்கெட்டில் உட்கார்ந்துவிட்டது ஞாபகம் வந்தது. பிறகு வண்ணப் பெட்டியைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு, எதிரே இருந்த கடையின் காற்றாடிக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். கதவு அங்கிருந்தும் தெரிந்தது. அக்கா பின்னாலேயே வந்தாள்.

"என்னா, முடிச்சிட்டியா?"

"இல்ல. நெறம் போயிடுச்சி. வர்றதுக்காக ஒக்காந்திருக்கேன்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் சாதாரணமாகத்தான் இருந்தேன்.

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஒரு கால் மணி நேரம்."

"அப்ப நா லிமாவ் ஐஸ் சொல்றேன்," என்று கடைக்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

ஐஸ் போட்ட எலுமிச்சைச் சாறு இரண்டு டம்ளர் வந்தன. ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். அக்கா அலுவலகக் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பாதிதான் கேட்டேன். கதவின் கீழ் ஓரத்தில் சிவப்பு ஏற ஆரம்பித்தது. பிறகு தாழ்ப்பாள் அருகே. எனக்கு ஒரு அவசரமும் இல்லை. முழுக் கதவும் வந்து சேர்ந்த பிறகு தூரிகையை நனைத்தேன்.