கோட்டின் மேல் ஒரு சக்கரம்

பங்காருபேட்டையிலிருந்து போன் வந்தபோது பேரன் பிரபுதான் எடுத்தான். ரிசீவரை வைக்காமலே, "ஆயா, தவமணி தாத்தா போயிட்டாரு" என்றான்.

என் தம்பி தவமணியை, துக்கத்துக்கு வந்திருக்கும் மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்துக்காரர்கள் உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஷாஃப்ட் குழியில், கேஜ் என்ற கூண்டின் வாசலில் நின்று ஆட்களைக் கீழே இறக்கியவன். சொந்த மச்சானே ஆனாலும் அளவுக்கு மேல் ஓராளை ஏற்ற மாட்டான்.

தங்கம் எடுத்த மண் குவிந்த சயனைடு மேட்டுக்குக் கீழே கார் பந்தயம் நடந்த வருஷங்களில், வளைவில் சிவப்புக் கொடியோடு நின்றவனும் அவன்தான். மறுநாள் பந்தயத்தில் யார் யார் ஓடுவது என்பது முதல் நாள் ஓட்டத்தில் முடிவாகும். ஆளுக்கு மூன்று சுற்று. அதில் நல்ல நேரம் எதுவோ அதுதான் கணக்கு. வளைவின் ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு. நாலு சக்கரமும் அதைத் தாண்டினால் அந்தச் சுற்று செல்லாது. ஒரு சக்கரம் கோட்டைத் தொட்டிருந்தாலும் செல்லும்.

ஒரு வருஷம் பிரபுவுக்கு முதல் சுற்றிலேயே இஞ்சின் அணைந்துவிட்டது. இரண்டாவதில் அவனைப்போல் யாரும் ஓட்டவில்லை, பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தச் சுற்றுக்குத்தான் தவமணி செல்லாது என்று கொடியைத் தூக்கினான்.

"யோவ், உன் அக்கா பேரன்யா!" என்று கூட்டம் கத்தியது.

"அதான்யா நல்லா பாத்தேன்!"

நான் குடையோடு போய் நின்றேன். "இன்னாடா, கண்ணு அவிஞ்சு போச்சா?"

"சத்தத்த உடுங்கக்கா. அவன வரச் சொல்லுங்க, எடத்தக் காட்டறேன்."

யாருடைய சுற்றை அழித்தாலும், ஆளை அழைத்துத் தடத்தைக் காட்டிய பிறகுதான் கோட்டைச் சரிசெய்ய விடுவான். அதுவரை அடுத்த வண்டி உறுமிக்கொண்டே காத்திருக்கும். பிரபு வந்து குனிந்து பார்த்தான். இரண்டு பக்கத் தடமும் கோட்டுக்கு வெளியே. வண்டிக்குத் திரும்பினான்.

கடைசிச் சுற்று. அதே வளைவில் வண்டியின் பின்பக்கம் வழுக்கியது. புழுதி எழுந்து வண்டியையே மறைத்தது. தவமணி கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோட்டருகே குந்தினான். புழுதி அடங்கும்வரை அசையவில்லை.

"செல்லும்" என்றான்.

"அக்கா மூஞ்சிக்குப் பயந்துட்டாம்பா!" என்றது கூட்டம்.

பிரபுவின் அந்தச் சுற்றால் இடம் இழந்தவன் ஒரு ராபர்ட்சன்பேட்டைக்காரன். தவமணி அவனையே கைதட்டிக் கூப்பிட்டான். "நீயே வந்து பாரு கண்ணு." நசுங்கிய சுண்ணாம்பில் டயர் அச்சு ஒன்று பதிந்திருந்தது. அவன் வெகுநேரம் பார்த்தான்.

"தொட்டுதான் இருக்கு" என்றான்.

நேற்றுப் பாடையின் முன்கொம்பு ஒன்றைப் பிரபு தூக்கினான். மற்றதை, யாரும் கூப்பிடாமலே வந்து தூக்கியவன் அந்த ராபர்ட்சன்பேட்டைக்காரன்.

வீட்டில் எவர் வழக்கோடு வந்தாலும் நான் இப்போது கேட்பது ஒன்றுதான்: "சத்தத்த உடு, எடத்தக் காட்டு." என் தம்பி எனக்கு வைத்துப்போனது அது.