பிஸ்கோத்து காரப்பொடி கடித்த நாள்

அன்று எங்கள் வாசலில் இருந்தவர்களை ஒருவர் விடாமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை விடுகிறேன் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்கிற பயம் எனக்கு இன்றும் உண்டு: தையல் மெஷினில் அம்மா, வாட்ச்மேன் வேலை முடிந்து அப்போதுதான் வந்த அப்பா, கூடையை இறக்கி வைத்த மீன்காரக் கஸ்தூரியக்கா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த எதிர்வீட்டு "சொல்தா" மாமா, நான், என் மடியில் பிஸ்கோத்து. ஐந்து பேர், ஒரு பூனை.

எல்லாம் ஒரு நாற்றத்தில் ஆரம்பித்தது. மழையில் நனைந்த கருவாட்டை மூடி வைத்துத் திறந்தால் வருமே, அந்த மாதிரி. முத்தியால்பேட்டையில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் அதை இரண்டு நாள் தேடினோம். மூன்றாம் நாள் பிஸ்கோத்து என் முகத்தருகே கொட்டாவி விட்டபோதுதான் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு ரத்தச் சிவப்பாக வீங்கியிருந்தது. தட்டில் மீன் வைத்தால் ஓடி வரும், வாயில் கவ்வும், ஒரு கத்துக் கத்திக் கீழே போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

எனக்கு அப்போது பதிமூன்று வயது. பஞ்சு மில் மூடி அப்பா வாட்ச்மேன் வேலைக்குப் போன வருடமே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அம்மா தைக்கும் ஜாக்கெட்டுகளுக்குக் கொக்கி கட்டிக்கொண்டிருந்தேன். கவலைப்படுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, பூனை தூங்கும்போது வயிறு ஏறி இறங்குகிறதா என்று ஊசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பேன்.

தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். படிகாரம் என்றார்கள், பூண்டு என்றார்கள், வேப்பங்கொழுந்தை அரைத்துத் தடவு என்றார்கள். நான் யாரையும் கேட்காமல் அம்மாவின் பல்வலிக்கு இருந்த கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் தொட்டு ஈறில் வைத்தேன். நமக்குக் கேட்பது அதற்கும் கேட்கும் என்கிற நினைப்புதான். அடுத்த நொடி பிஸ்கோத்து நுரை தள்ளிக்கொண்டு மெஷினுக்கு அடியில் ஓடி, வாந்தியெடுத்து, எச்சில் வழிய வழிய, யாரோ தைக்கக் கொடுத்து மடித்து வைத்திருந்த கல்யாணப் பட்டு ஜாக்கெட்டின் மேலேயே போய் விழுந்தது.

அப்பா அதிகம் பேச மாட்டார். பாழான அந்த ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு, "மாசி மகம் முடியட்டும். பிள்ளைச்சாவடி கடக்கரையில வுட்டுட்டு வந்துடறேன். அங்க மீனாவது கெடைக்கும்" என்றார்.

"மீனு கெடச்சா மட்டும்? அதால கடிக்க முடியலியேப்பா."

"அதுக்குத்தான் மாசி மகம் வரைக்கும் டைம் குடுத்துக்கீறன். அதுக்குள்ள கடிச்சா இருக்கட்டும்."

நாட்காட்டியில் எண்ணினேன், இருபத்தேழு நாள் இருந்தது.

பிஸ்கோத்தைக் கூடைக்குள் போட்டு மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வரிசையில் இரண்டு பசு, ஓர் ஆடு, அப்புறம் நான். டாக்டரம்மா சிரிக்கவில்லை. தைலம் வைத்ததை அழுதுகொண்டே சொன்னதும், "கிராம்பு மனுசனுக்கு. பூனை ஒடம்பு அதத் தாங்காது. பூண்டும் ஆவாது. எந்தத் தைலத்தையும் இனிமே கிட்ட கொண்டுபோகாத" என்றார். ஆடிக்கொண்டிருந்த ஒரு பல்லைப் பிடுங்கினார், ஊசி போட்டார், ஐந்து நாளுக்கு மருந்து கொடுத்தார். பிறகு தினமும் செய்யச் சொன்னது ஒன்றே ஒன்று: காய்ச்சி ஆறவைத்த ஒரு டம்ளர் தண்ணீரில் கால் ஸ்பூன் உப்பு, மெல்லிய துணி, அதைச் சுற்றி ஈறைத் துடைக்க ஒரு விரல்.

சொல்வது சுலபம். அப்பாவின் பழைய கைலியில் குழந்தை மாதிரிச் சுற்றிப் பிடித்தும் முதல் நாளே என் கையில் ஏழு கீறல். மூன்றாம் நாள் துணியைக் கண்டாலே பரண்மேல் ஏறியது. கஸ்தூரியக்கா குருசுக்குப்பத்திலிருந்து தினமும் கூடையோடு வருபவர், வாசலில் உட்கார்ந்து இதையெல்லாம் வேடிக்கை பார்ப்பார். "இன்னாடி, பூனைக்குப் பல்லு வெளக்குறியா? அடுத்தது பவுடர் போடுவியா? மாசி மகத்துக்குள்ள இது காரப்பொடி மீன முள்ளோட கடிச்சுதுன்னா நான் பத்து ரூவா தரேன். சொல்தா, நீதான் சாட்சி." மாமா நாற்காலியில் இருந்தபடியே "வீ, வீ" என்று தலையாட்டினார். அவருக்கு எல்லாவற்றுக்கும் ஆமாம்தான்.

அன்று மத்தியானம் அம்மா ஒரு ஜாக்கெட்டுக்கு "ஓட்டுத்தையல்" போட்டுக்கொண்டிருந்தாள். எந்தத் துணியையும் அவள் நேராக மெஷினில் கொடுத்ததில்லை. முதலில் கையால் லேசாக, பெரிது பெரிதாக ஒரு தையல், துணி நகராமல் படிந்து நின்ற பிறகுதான் மெஷின். பார்த்துக்கொண்டே இருந்த எனக்குப் புரிந்தது: நான் பூனையை எடுத்ததும் மெஷினில் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் உப்புத் தண்ணீரைத் தள்ளி வைத்தேன். உப்பு, மிளகாய் எதுவும் போடாமல் நெத்திலியை வேகவைத்த தண்ணீரில் லைனிங் துணித் துண்டை நனைத்து விரலில் சுற்றி நீட்டினேன். நக்கியது. நான்கு நாள் நக்க மட்டும் விட்டேன். ஐந்தாம் நாள் உதட்டுக்குள் ஒரு நொடி, ஆறாம் நாள் இரண்டு நொடி. பிறகு நெத்திலித் தண்ணீரில் ஒரு தடவை, உப்புத் தண்ணீரில் ஒரு தடவை. பத்து நாளில் கைலி தேவைப்படவில்லை. துணியில் ரத்தம் படுவது குறைந்தது, நாற்றம் குறைந்தது, ஈறு வெளுத்து ரோஸ் நிறத்துக்கு வந்தது. நான் மட்டும் நம்பாமல் விளக்கைப் பிடித்து விளக்கைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசி மகத்துக்கு முந்தின நாள் காலையில்தான் அந்த ஐந்து பேரும் கூடினோம். கஸ்தூரியக்கா கூடையிலிருந்து ஒரு காரப்பொடியை எடுத்துத் தரையில் போட்டார். பிஸ்கோத்து என் மடியிலிருந்து இறங்கி, முகர்ந்து, கவ்வியது. அது தலையைச் சாய்த்து, பின்பல்லுக்குத் தள்ளி, கறுக்கென்று கடித்தது. மறுபடி கறுக். வால் வரைக்கும் போய்விட்டு, அடுத்தது எங்கே என்பதுபோல் கஸ்தூரியக்காவை நிமிர்ந்து பார்த்தது.

அம்மா மெஷின் மிதிப்பதை நிறுத்தியிருந்தாள். சொல்தா மாமா எழுந்து நின்று கைதட்டினார். அப்பா என்னைப் பார்க்காமல், "அந்தக் கைலியத் தோச்சுக் குடு, நான் கட்டிக்கறேன்" என்றார். அவ்வளவுதான், கடற்கரைப் பேச்சு அதோடு முடிந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு பரிசும் வாங்காத நான், அன்று தெருமுனை வரை காரணமில்லாமல் நடந்து போய்த் திரும்பி வந்தேன்.

பிஸ்கோத்து அதன்பின் ஒன்பது வருடம் இருந்தது. இப்போது கடைகளில் பூனைக்கென்றே பற்பசை விற்கிறார்கள். சொல்தா மாமாவின் வீடு விடுதியாகிவிட்டது, மாமாவும் இல்லை. கூடை தூக்கி வருகிறவர்கள் எங்கள் தெருவுக்கு வருவதில்லை. கஸ்தூரியக்கா மார்க்கெட்டில் ஐஸ் பெட்டி வைத்து உட்கார்ந்திருக்கிறார். போன மாதம் அந்தப் பந்தயக் காசைக் கேட்டுப் போய் நின்றேன். "சாட்சி எங்கடி?" என்று சிரித்தபடி, என் வீட்டுப் பூனைக்கென்று ஒரு கை காரப்பொடியை அள்ளிப் பையில் போட்டார். அதற்குக் காசு வாங்கவில்லை. பந்தயக் காசையும் தரவில்லை. பாக்கி, பத்து ரூபாய்.