மாவு ஆட்டுவது யார்

மதுரையில் மருத்துவக் கல்லூரி நூலகத்தின் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போன ஆள் தவசிமுத்து ஒருவராகத்தான் இருப்பார். அது 1988, ஆனி மாதம். இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் அவருக்கு இருபது வருட வேலை. வார லீவு நாளில் விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். சட்டைப்பையில் ஒரு துண்டுத்தாள், அதில் பெரிய இங்கிலீஷ் எழுத்தில் மூன்று சொற்கள். அவர் எட்டாம் வகுப்பு ஃபெயில். இங்கிலீஷ் தெரியாது.

"என்ன வேணும்?" என்றார் நூலகத்து அம்மாள்.

துண்டுத்தாளை நீட்டினார். "இந்த நோவப் பத்தின புஸ்தகம் அம்புட்டும் வேணும்மா."

"எல்லாமா? நீங்க யாரு, எந்த வார்டு?"

"வார்டு இல்லம்மா, ராஜபாளையம். வீட்டுக்காரி கைக்கு."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். தடித்தடியான பைண்டு புத்தகங்கள் மேஜைக்கு வந்தன. தவசிமுத்து துண்டுத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார். மில்லில் நூல் மூட்டைகளில் இங்கிலீஷில் அடித்திருக்கும் லாட் குறியைச் சரிபார்த்துப் பழகிய கண் அது. அர்த்தம் தெரியாவிட்டாலும் குறி தப்பாது. மூன்று சொற்களும் வரிசையாக வந்த பக்கங்களுக்கெல்லாம் ஒரு நூல் துண்டை அடையாளமாக வைத்தார். சாயங்காலத்துக்குள் நாற்பத்தோரு நூல் துண்டுகள் ஆகிவிட்டன. அத்தனையையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

கை அவர் மனைவி அய்யம்மாளுடையது. செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் பதின்மூன்று வருடம் துணி வெட்டினாள். சலவையாகி வரும் வலைத்துணியைப் பன்னிரண்டு மடிப்பாகப் போட்டு, முழங்கை நீளக் கத்திரிக்கோலால் ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். காலை எட்டு மணிக்குக் கத்திரிக்கோலுக்குள் விட்ட கட்டைவிரல் சாயங்காலம்தான் வெளியே வரும். முதலில் விரல் நுனி மரத்தது. பிறகு உறக்கத்தில் கை எரிந்தது. பிறகு ஒருநாள் கத்திரிக்கோல் தானாகக் கீழே விழுந்தது. மறுநாளும் விழுந்தது. மூன்றாம் நாள் கம்பெனி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

மதுரையில் நரம்பு டாக்டர் கையில் கரண்ட் வைத்துப் பார்த்தார். மணிக்கட்டில் ஒரு குறுகலான வழி இருக்கிறது, அதற்குள்தான் நரம்பு போகிறது, வருடக்கணக்கில் மடக்கி அழுத்தியதில் அந்த வழி வீங்கி நரம்பை நெரிக்கிறது என்றார். சின்ன ஆபரேஷன், சீக்கிரம் செய்துவிடுங்கள் என்றும் சொன்னார்.

நஷ்டஈடு கேட்டுப் போட்ட மனுவுக்குக் கம்பெனி பதில் அனுப்பியது. 'மேற்படி உபாதை வாதத்தாலும் வீட்டு வேலையாலும் ஏற்பட்டது. எங்கள் வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.' அய்யம்மாள் அதை மகளிடம் வாசிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள். பதின்மூன்று வருடத்தில் அவள் ஒரு நாள் பிந்திப் போனதில்லை. "துட்டு தராட்டாப் போறான். சம்பந்தம் இல்லேன்னு எப்பிடிச் சொல்லுதான்?" என்றாள். அந்த ஒரு வரியைப் பொய்யாக்க வேண்டும் என்று தவசிமுத்து கிளம்பியது அன்றைக்குத்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிரே பிச்சை முகம்மது டைப்ரைட்டர் போட்டு உட்கார்ந்திருந்தார். முன்பு ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். மருந்துப் பெயர்களும் இங்கிலீஷும் அத்துப்படி. துண்டுத்தாளில் அந்த மூன்று சொற்களை எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். தவசிமுத்து கொண்டுவந்த கட்டை ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொன்னார்.

"இந்தா கேளும் அண்ணாச்சி. சீமையில கோழி அறுக்கிற கம்பெனி. நூறு பொம்பளைக்கு முப்பது பேருக்கு இதே நோவாம். வெள்ளைக்காரி கோழி அறுத்துக் கை போச்சு, உம்ம வீட்டம்மாவுக்குத் துணி அறுத்துக் கை போச்சு. கோழியக் கொன்ன பாவமாவது இவுகளுக்கு இல்ல."

"அத அடிக்கோடு போடுங்க பாய்."

"போட்டாச்சு. இது தையல்காரங்க. இதுவும் நமக்குத்தான்."

இப்படி ஒன்றரை வருடம். லீவு கிடைத்தபோதெல்லாம் மதுரை. நரம்பு டாக்டர் தந்த கடிதத்தில் 'தொழிலால் வந்திருக்க வாய்ப்பு உண்டு' என்று இருந்தது. அந்த 'வாய்ப்பு' என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்லி தவசிமுத்து மூன்று முறை போய் நின்றார். டாக்டர் கோபப்படவில்லை. "அவங்க வீட்ல என்ன செய்றாங்கன்னு நான் பார்க்கலையே ஐயா. எப்படி எடுக்கிறது?" என்றார்.

ஆபரேஷனும் தள்ளிப்போயிற்று. "விசாரணை முடியட்டும். இப்பக் கை குணமாயிட்டா நோவே இல்லேன்னு சாதிப்பான்" என்று வக்கீல் சேதுபதி சொன்னார். கை கேசுக்காகக் காத்திருந்தது. கட்டைவிரலுக்குக் கீழே இருந்த சதை மெல்ல மெல்ல உள்ளே குழிந்தது.

கிணறு வெட்டப் போய்ப் பூதம் புறப்பட்டது இதற்கு நடுவே, 1989 தையில். ஒரு கட்டுரையைப் பாதி படித்த பிச்சை முகம்மது நிறுத்திவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார்.

"அண்ணாச்சி, இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. துணி பிழியுறது, மாவு பிசையுறது, அரைக்கிறது, இதனாலயும் வருமாம். எதிர் வக்கீல் இதத்தான் புடிப்பான். வீட்ல மாவு ஆட்டுறது யாரு?"

தவசிமுத்து கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

பதில் அவர் உள்ளங்கையில் இருந்தது. மூன்று வருடமாக அவர்தான் ஆட்டினார். வாரத்துக்கு இரண்டு நாள், ஷிப்டு முடிந்து வந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டு, ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு ஆட்டுக்கல் முன்னால் உட்காருவார். அய்யம்மாள் இடது கையால் மாவைத் தள்ளிவிடுவாள். துணி துவைத்ததும் அவர்தான். அவள் ஜாக்கெட்டுக்கு ஊக்கு மாட்டிவிட்டதும் அவர்தான். பக்கத்து வீட்டுச் சண்முகத்தாய், "ஏட்டி அய்யம்மா, உன் மாவு மட்டும் என்னமா பொங்குது. கைப்பக்குவம்னா அதான்" என்பாள். அய்யம்மாள் புருசனைப் பார்க்காமல் சிரிப்பாள். அவருக்கும் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

மிஷினில் கொடுத்து ஆட்டலாம்தான். தூக்குவாளியோடு அவர் தெருவில் நடந்தால் அடுத்த நாளே மில்லுக்குத் தெரிந்துவிடும். மில்லில் பால்பாண்டி என்று ஒருவன், அவருடைய ஷிப்டுதான். ஒன்று நடந்தால் ஒன்பதாகச் சொல்வான். முன்பு மில் ஆள் ஒருவன், பெண்டாட்டி பிரசவத்துக்குப் போயிருந்த நேரம் ஒருநாள் மாவு ஆட்டியதைப் பார்த்துவிட்டு, பால்பாண்டி அவனுக்கு 'மாவாட்டி' என்று பெயர் வைத்தான். அன்று பிறந்த பிள்ளை இப்போது பத்தாவது படிக்கிறது. அப்பன் இன்னும் மாவாட்டிதான். சம்பளம் கொடுக்கிற கிளார்க்கே அப்படித்தான் கூப்பிடுவார்.

"என்ன யோசனை? வெளியாளு யாராச்சும் ஆட்டினா சாட்சிக்குக் கூட்டிட்டு வாரும்" என்றார் பிச்சை முகம்மது.

"எங்க அக்கா வந்து ஆட்டிக் குடுக்கா பாய்" என்றார் தவசிமுத்து. "அவளால பஸ் ஏற முடியாது. வயசாயிருச்சு."

"அப்ப வீட்டம்மாகிட்டச் சொல்லி வையும். கேட்டா அதத்தான் சொல்லணும்."

அதை அவர் வீட்டில் சொல்லவே இல்லை. இல்லாத அக்காளைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது என்று நினைத்தாரோ, அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள் என்று நம்பினாரோ. விசாரணை நாள் வந்துவிட்டது.

நஷ்டஈடு மனுக்களைப் பார்க்க அதிகாரி மாதம் ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து உட்காருவார். 1989 ஐப்பசி, மழை. அந்த அறையில் முப்பது பேர் நெருக்கியடித்து நின்றார்கள். தவசிமுத்துவின் மில்லில் விரல் போன ஒருத்தரின் கேசும் அன்றைக்குத்தான். அதற்குச் சாட்சியாக வந்த ஆட்கள் பின் பெஞ்சில். நடுவில் பால்பாண்டி.

"வாங்க தவசி அண்ணே, உங்க கேசும் இன்னைக்கா?" என்றான். "எங்க மதினி கை எப்பிடி இருக்கு? உங்களக் கிள்ள முடியுதா?"

பெஞ்சு சிரித்தது. அய்யம்மாள் முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள்.

சேதுபதி இருநூற்றுப் பன்னிரண்டு பக்கக் கட்டை மேஜையில் வைத்தார். அடிக்கோடு போட்ட இடங்களைக் காட்டினார். கோழி அறுத்த பெண்கள், தையல்காரர்கள், கரண்ட் வைத்துப் பார்த்த ரிப்போர்ட். அதிகாரி அவசரப்படாமல் புரட்டினார். "இவ்வளவையும் யாரு சேத்தா?" என்று கேட்டார். "அவர்தான்" என்று சேதுபதி காட்டினார். அதிகாரி தவசிமுத்துவை ஒரு நிமிடம் பார்த்தார். அந்தப் பார்வையில் மனு ஜெயித்துவிட்டது போலத்தான் இருந்தது.

கம்பெனி வக்கீல் எழுந்தார். மெதுவாகப் பேசுகிறவர்.

"வீட்ல எத்தன பேரும்மா?"

"நாங்க ரெண்டு பேருதான்யா. மகளக் கட்டிக் குடுத்தாச்சு."

"இட்லி தோசை உண்டா?"

"உண்டுய்யா."

"மாவு கடையில வாங்குறதா, வீட்டுலயே ஆட்டுறதா?"

"வீட்டுலதான்."

"யாரு ஆட்டுறது?"

அய்யம்மாள் புருசனைப் பார்த்தாள். அவர் தலைக்கு மேலாகப் பின் பெஞ்சைப் பார்த்தாள். பால்பாண்டி கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நான்தான்" என்றாள்.

"கல்லுலயா?"

"கல்லுலதான்யா. வாரத்துக்கு ரெண்டு தடவ."

"கல்யாணம் ஆனதுலேருந்தா?"

"ஆமாய்யா. ஒரு வாரம் விட்டதில்ல."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. சேதுபதி பேனாவை மூடினார். அதிகாரி மனுவைத் திரும்ப எடுத்தார்.

"'எந்த வீட்டு வேலையும் செய்ய இயலவில்லை'ன்னு இதுல எழுதியிருக்கு. நீங்கதானே வீட்டுக்காரர்? இவங்க சொல்றது சரியா? யோசிச்சுச் சொல்லுங்க."

தவசிமுத்து எழுந்தார். ஒரு வார்த்தை போதும். இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தன. பின்னால் யாரோ செருமினார்கள். அய்யம்மாள் அவரைப் பார்த்து மிக லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"அவ சொல்றதுதான்யா" என்றார்.

வெளியே மழைக்கு ஒதுங்கி நின்றபோது, நடந்ததைக் கேள்விப்பட்டுப் பிச்சை முகம்மது வந்தார். "என்ன அண்ணாச்சி, அக்கா ஆட்டுறதா சொன்னீரே?"

"எனக்கு அக்காவே கிடையாது பாய்."

பிச்சை முகம்மது அவர் வலது கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். குழவி பிடித்துப் பிடித்துக் காய்த்த உள்ளங்கை. "அடப்பாவி மனுசா" என்றார். கையை விட்டுவிட்டு, குடையை அய்யம்மாளிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே டைப்ரைட்டருக்குப் போனார்.

தை மாதம் உத்தரவு வந்தது. மனு தள்ளுபடி. பிச்சை முகம்மதுதான் படித்துச் சொன்னார். 'மனுதாரர் தரப்பு தாக்கல் செய்த மருத்துவக் கட்டுரைகளே, அரைத்தல் முதலான தொடர்ந்த வீட்டு வேலையாலும் இந்நோய் வரலாம் என்கின்றன. மனுதாரர் திருமணம் முதல் ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டி வருவதாகத் தாமே சாட்சியம் அளித்துள்ளார். எனவே பணிக்கும் உபாதைக்கும் சம்பந்தம் நிரூபிக்கப்படவில்லை.' மதுரையில் நூல் துண்டு வைத்த ஒரு பக்கத்தின் எண்ணும் அதில் இருந்தது. அப்பீலுக்குப் போகலாமா என்று கேட்டதற்கு சேதுபதி, "சத்தியம் பண்ணிச் சொன்னதாச்சே" என்று முடித்துக்கொண்டார்.

மாசியில் ஆபரேஷன் நடந்தது. எரிச்சல் நின்றது. கட்டைவிரலுக்குக் கீழே போன சதை போனதுதான். "ரெண்டு வருசம் முன்னால சொன்னேனே" என்றார் டாக்டர். தவசிமுத்து தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

தையல் பிரித்து வீட்டுக்கு வந்த வாரம், ஒருநாள் சாயங்காலம் ஷிப்டு முடிந்து வந்தவர் சட்டையைக் கழற்றிவிட்டு ஆட்டுக்கல்லைக் கழுவினார். அரிசியை அள்ளிப் போட்டார். கதவைச் சாத்தவில்லை. ரேடியோவைப் போடவில்லை. தெருவில் தண்ணீர்க் குழாயடியில் கூட்டம். சண்முகத்தாயின் குரல் கேட்டது. அவர் குழவியைப் பிடித்துச் சுற்றத் தொடங்கினார். கல் கடகடவென்று தெருவரைக்கும் பேசியது.

அடுப்படியிலிருந்து அய்யம்மாள் வேகமாக வந்தாள்.

"என்ன இது, கதவு தொறந்து கெடக்கு?"

"கெடக்கட்டும் ஏட்டி. இனி எவன் பாத்தா என்ன. மாவாட்டின்னு சொல்லட்டும்."

"உங்களுக்கென்ன, சொல்லிட்டுப் போவாக. என்னச் சொல்லுவாகளே. கோர்ட்டுல நின்னு பொய்ச் சத்தியம் பண்ணினவள்னு. கம்பெனிக்காரன் காதுல விழுந்தா, அதுவே பொய்னா கை நோவும் பொய்தான்னு சொல்ல மாட்டானா?"

அவர் குழவியை நிறுத்தினார்.

அய்யம்மாள் கதவைச் சாத்தினாள். வலது கை தாழ்ப்பாளைப் பிடிக்கவில்லை. இரண்டு தடவை நழுவியது. தோளால் கதவை அழுத்திக்கொண்டு இடது கையால் தள்ளிப் போட்டாள். பிறகு ரேடியோவைத் திருகிச் சத்தமாக வைத்தாள்.

"ம், ஆட்டுங்க" என்றாள், கல்லுக்கு எதிரே வந்து உட்கார்ந்து.