புகை போனால் எஞ்சினும் போகும்

முப்பது வருஷம் மொபட்டும் பம்புசெட்டும் பார்த்தவன் நான். எந்த எஞ்சினும் என்னைத் தலையில் அடித்துக்கொள்ள வைத்ததில்லை. வைத்தது ஒரு முழ நீளப் பொம்மைக் கார்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்துச் செல்வம் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது மகளுக்காகக் கொண்டுவந்தது. ரிமோட்டில் ஓடுவது; உள்ளே நிஜ எஞ்சின். எண்ணெய் கலந்த தனி எரிபொருள். என்னிடம் அதைத் தூக்கிக்கொண்டு வந்ததற்கு மறுநாளே அவர் விமானம் ஏற வேண்டும். அதற்குள் மகள் கண் முன்னால் அது ஓடியாக வேண்டும்.

"புது பிஸ்டன், இறுக்கமா இருக்கும். முதல் நாலு டேங்குக்கு எண்ணெய் தாராளமாப் போகணும். புகை வரும், வரட்டும். எண்ணெயைக் கூட்டிக் குறைக்கிற இந்த நீடில் ஸ்க்ரூவை மட்டும் தொடாதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"சரிண்ணே, சரிண்ணே." தலையாட்டலுக்குக் குறைச்சலே இல்லை.

அவர்கள் வீட்டு நெற்களத்தில் கார் மெதுவாக வட்டமடித்தது. அந்தக் களத்தில் யாருக்கு எவ்வளவு என்று செல்வத்துக்கும் அவர் சித்தப்பாவுக்கும் வழக்கு. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் தீராத வழக்கு. சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லைக்கல் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னடா, சிங்கப்பூர்லேருந்து கொசு மருந்து வண்டியா கொண்டாந்திருக்க?"

வேறு யார் சொல்லியிருந்தாலும் செல்வம் சிரித்திருப்பார். சொன்னது பங்காளி. ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நான் எரிபொருள் எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து, மனுஷன் ஸ்க்ரூவை முடுக்கிவிட்டார். புகை போயிற்று. கார் வீறிட்டுக் கத்திக்கொண்டு பறந்தது. மகள் கைதட்டினாள். இரண்டே சுற்று. எண்ணெய் போதாமல் சூடேறி, படக்கென்று நின்றது. பிஸ்டன் ஜாம்.

"யோவ், உனக்கு எஞ்சின் முக்கியமா, சித்தப்பா முக்கியமா?" என்று கத்தியேவிட்டேன். பிள்ளை அழுதது. செல்வம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சிங்கப்பூர் போனார்.

சென்னையிலிருந்து புது பிஸ்டன் செட் வரவழைத்துப் போட்டேன். இந்த முறை ரிமோட்டைப் பிடித்தது அவர் மனைவி மங்கை. புகையில் இருமிக்கொண்டே பொறுமையாக ஓட்டினார். சித்தப்பா வராமல் இருப்பாரா?

"திரும்பவும் கொசு மருந்தா?"

"ஆமாங்க மாமா. உங்க வீட்டுப் பக்கமும் ஒரு சுத்து அடிக்கவா?"

சித்தப்பா நடையைக் கட்டினார். அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், மகள் பிடித்திருந்த போனில் வீடியோ காலில் செல்வம்.

"என்ன புள்ள இவ்ளோ புகை? அந்த ஸ்க்ரூவைக் கொஞ்சம்..."

மங்கை போனை வாங்கி கட் செய்தார்.

அந்தக் கார் இன்றும் ஓடுகிறது. புது எஞ்சின் பழக்க வரும் தம்பிகளே, ஓனர் கையில் ஸ்க்ரூ டிரைவர் சிக்கக் கூடாது. ஓனர் வெளிநாட்டில் இருந்தால், போனும் சிக்கக் கூடாது.